தென்பெண்ணை போய்ச் சேரும் கரை

2024 டிசம்பர் முதல் வாரம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையத்தை ஒட்டி நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தத் தண்ணீர் பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையை நிரப்பியது. அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். கடலூரை மூழ்கடித்த பிறகு அது தாழங்குடா பக்கம் கடலில் கலந்தது.

கடலே இல்லாத கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கடற்கரையைப் பற்றி எழுத இந்த ஒரு காரணம் போதும். நம் ஆற்றின் வாய் அங்கே இருக்கிறது. கடலில் எண்ணெய் சிந்தினால் முதலில் காக்க வேண்டிய இடம் மணற்பரப்பு அல்ல, ஆற்று முகத்துவாரம்தான். மணலில் படிந்த எண்ணெயைச் சிரமப்பட்டாவது அள்ளிவிடலாம். முகத்துவாரத்துக்குள் நுழைந்து சேற்றிலும் அலையாத்தி வேரிலும் ஒட்டிய எண்ணெயை முழுசாக எடுக்க யாராலும் முடியாது. எண்ணெயால் எந்தக் கரை எவ்வளவு பாதிக்கப்படும் என்று 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் முறை உலகமெங்கும் இருக்கிறது. அலை மோதும் பாறைக்கரை 1. நுண்மணல் கடற்கரை 3. அலையாத்திக் காடும் சதுப்பும் 10. தாழங்குடாவுக்குத் தெற்கே, வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற பிச்சாவரம் அந்தப் பத்தாம் எண்தான். அலையாத்தி மரம் மூச்சு விடுவதே மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால். அதன்மேல் எண்ணெய் பூசினால் மரம் மூச்சுத் திணறிச் சாகும்.

நம் கடலில் எண்ணெய்க் கிணறுகள் எங்கே என்று கேட்பவர்களுக்கு: காவிரிப் படுகை கடலுக்கு அடியிலும் நீள்கிறது. பிஒய்-3 என்ற எண்ணெய் வயலை அங்கே 1988-இல் கண்டுபிடித்தார்கள். பிஒய்-1 வயலின் வாயு, குழாய் வழியாகத் தரங்கம்பாடிக்கு அருகே பிள்ளைப்பெருமாநல்லூரில் கரையேறுகிறது. தெற்கே மன்னார் வளைகுடா ஆழ்கடலில் சுமார் 9,990 சதுர கிலோமீட்டர் பரப்பு எண்ணெய், எரிவாயு ஏலப் பட்டியலில் வந்ததை எதிர்த்து 2025 மார்ச்சில் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கடல் பசுக்களும் இருக்கிற வளைகுடா அது. 1986-இல் அங்கே கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகள் சுற்றுச்சூழல் அனுமதியில் பி2 பிரிவுக்கு மாறின. அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. உற்பத்திக் கிணறுகள் மட்டும் பழையபடி ஏ பிரிவில் இருக்கின்றன. இந்தப் பிரிப்பு தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. கீழே என்ன அழுத்தம் இருக்கிறது என்று தெரியாமல் தோண்டுவதுதான் ஆய்வுக் கிணறு. 2010 ஏப்ரல் 20-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்களே, அங்கே தோண்டிக்கொண்டிருந்ததும் ஆய்வுக் கிணறுதான்.

கிணறு ஏன் வெடிக்கிறது? தோண்டும்போது குழாய்க்குள் கனமான சேற்றுக் கரைசலை இறக்கிக்கொண்டே இருப்பார்கள். கீழே பாறையிலிருந்து வாயுவும் எண்ணெயும் மேலே தள்ளும் அழுத்தத்துக்கு அந்தச் சேற்றின் பாரம்தான் எதிர்க்கட்டு. பாரம் குறைந்தால் வாயு உள்ளே புகும். மேலே ஏற ஏற விரிந்து, இருக்கிற சேற்றையும் வெளியே தள்ளிவிடும். 2010-இல் கிணற்றின் அடியில் போட்ட சிமென்ட் சரியாக அடைக்கவில்லை. அடைத்ததா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையின் முடிவைத் தவறாகப் படித்தார்கள். சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை இறக்கினார்கள். கடைசிக் காவலாகக் கடல் தரையில் நிற்கும் வெடிப்புத் தடுப்பான், குழாயையே வெட்டி மூட வேண்டிய கத்தியைக் கொண்டது. குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்ததால் கத்தி முழுதாக வெட்டவில்லை. எண்ணெய் 87 நாள் கொட்டியது. அதற்கு முந்தைய வருடம் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே மொன்டாரா கிணறு 74 நாள் கொட்டியது. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, ஆழத்தில் பழைய கிணற்றைக் குறிபார்த்துப் பிடித்து, கனமான சேற்றை இறக்கி அடைக்க அங்கே அவ்வளவு நாள் பிடித்தது.

கிணறே சரியாக இருந்தாலும் பிழை வரலாம். 2005 ஜூலை 27-இல் மும்பை ஹை என்ற கடல் எண்ணெய் வயலில் உதவிக் கப்பல் ஒன்று, மேடைக்கு எண்ணெயும் வாயுவும் ஏறிவரும் எழுகுழாயில் மோதி, தீப்பிடித்து, 22 பேர் இறந்தார்கள். மேடையே அழிந்தது.

கடலில் விழுந்த எண்ணெய் என்ன செய்யும்

நீரோட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முழு வேகத்தில் போகும். அதோடு காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதத்தையும் சேர்த்துக்கொள்ளும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கரையை நோக்கிக் காற்று வீசினால், காற்றால் மட்டுமே மணிக்கு 900 மீட்டர். கரையிலிருந்து 30 கிலோமீட்டரில் சிந்திய எண்ணெய்க்கு 33 மணி நேரம், அதாவது ஒன்றரை நாள்கூட இல்லை. வடகிழக்குப் பருவமழையின்போது நம் கரையோர நீரோட்டம் தெற்கே இறங்கும், மாசிக்குப் பிறகு வடக்கே திரும்பும். 2017 ஜனவரி 28-இல் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெய் மெரினா, திருவான்மியூர் என்று தெற்கே இறங்கியது இதனால்தான்.

எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறமே சொல்லும். வெள்ளி போல லேசாகப் பளபளத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறம் என்றால் 300 முதல் 5,000 லிட்டர் வரை. உலோகம் போல மங்கலாக மின்னினால் 50,000 லிட்டர் வரை போகும். கறுப்பாகவோ பழுப்பாகவோ எண்ணெயின் சொந்த நிறம் தெரிந்தால்தான் அள்ளுகிற அளவு கனம் இருக்கிறது. வானவில்லைத் துரத்திப் படகையும் ஆளையும் செலவழிப்பதைவிட, கறுப்புத் திட்டு எங்கே என்று தேடுவதுதான் சரி.

லேசான கச்சா எண்ணெயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு முதல் சில நாளிலேயே ஆவியாகிவிடும். மிச்சத்தை அலை கடைந்து தண்ணீரோடு கலக்கும். அந்தக் கலவையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீரே இருக்கக்கூடும், அதனால் அளவு மூன்று நான்கு மடங்காகப் பெருகும். கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டியாகக் கரைத்த ராகிக் கூழ் மாதிரியே இருக்கும். அதே பழுப்பு, அதே வழவழப்பு, விரலைத் தூக்கினால் நூலாக இறங்காமல் மொத்தையாகத் தொங்கும். இன்னும் நாள் ஆனால் களி உருண்டை போல உருண்டு, மேலே மணல் ஒட்டித் தோல் கட்டும். உள்ளே மட்டும் பிசுபிசுப்பு இருக்கும். இதுதான் தார் உருண்டை. கூழ் பதத்தில் பம்பு அடைக்கும். கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கொண்டு நிறுத்தினால் அது பெரும்பாலும் தண்ணீரைத்தான் குடிக்கும், கூழ் குழாய் வாயிலேயே நின்றுவிடும்.

முகத்துவாரத்தில் வேலி

எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலியைப் பூம் என்பார்கள். மேலே மிதப்பு, கீழே தண்ணீருக்குள் தொங்கும் பாவாடை, அடியில் கனத்துக்குச் சங்கிலி. இதை ஆற்றுக்குக் குறுக்கே நேர்கோடாகக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தண்ணீர் வேலியை நேருக்கு நேர் மோதும் வேகம் விநாடிக்கு 35 சென்டிமீட்டரைத் தாண்டினால் எண்ணெய் பாவாடைக்கு அடியில் இழுபட்டு மறுபக்கம் போய்விடும். வேலி கிழியாது, சாயாது, பார்க்க ஒழுங்காகத்தான் நிற்கும். ஆனால் வேலை செய்யாது.

அதனால் முதலில் ஓட்டத்தை அளக்க வேண்டும். கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கழி நட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை ஓட்டத்தின் நடுவில் எறியுங்கள். 28 விநாடிக்குள் கடந்துவிட்டால் நேர்குறுக்கு வேலி உதவாது. சாய்த்துப் போட வேண்டும். ஓட்டம் விநாடிக்கு அரை மீட்டர் என்றால் ஓட்டத்தின் திசைக்கு 45 டிகிரி. முக்கால் மீட்டர் என்றால் 28 டிகிரி. ஒரு மீட்டர் என்றால் 20 டிகிரி. சாய்க்கச் சாய்க்க நீளம் கூடும். 100 மீட்டர் அகல முகத்துவாரத்தை 28 டிகிரியில் மூட 213 மீட்டர் வேலி வேண்டும், இரண்டு முனையிலும் கரையோடு சேர்த்துக் கட்ட இன்னும் 30, 40 மீட்டர். 20 டிகிரி என்றால் 290 மீட்டரைத் தாண்டும். முகத்துவாரத்தின் அகலத்தை மட்டும் பார்த்து 100 மீட்டர் வேலி வாங்கிக் கிடங்கில் வைத்தால் அது காகிதத்தில்தான் பாதுகாப்பு.

சாய்த்துப் போட்ட வேலி எண்ணெயை ஒரு பக்கக் கரைக்கு வழிநடத்தும். அந்தக் கரை ஓட்டம் அடங்கிய இடமாகவும், லாரி வந்து நிற்கக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். அள்ளும் ஸ்கிம்மர், பம்பு, தொட்டி எல்லாம் அங்கேதான். 15 முதல் 25 மீட்டருக்கு ஒரு நங்கூரம், கயிறு தண்ணீர் ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு. கயிறு குட்டையாக இருந்தால் கடல் ஏற்றத்தில் வேலி தண்ணீருக்குள் அமுங்கும். கரை முனையில் பாவாடைக்கு அடியில் இடைவெளி விடாமல் மணலில் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும். இரவில் ஏற்றவற்றம் மாறும்போது கயிற்றைத் தளர்த்தி இறுக்க ஆள் வேண்டும். கட்டிவிட்டுப் போய்விடுகிற வேலை இது இல்லை. ஒரு வேலி போதாது, உள்ளே 50 மீட்டர் தள்ளி இரண்டாவது வேலி வேண்டும். முதலாவதைத் தாண்டியது அங்கே நிற்கும்.

கோடையில் முகத்துவாரத்தில் மணல் திட்டு எழுந்து வாய் குறுகிவிடும். அப்போது வேலியைவிட மணலே நல்ல அடைப்பு. பொக்லைன் வைத்து இரண்டு மணி நேரத்தில் மூடிவிடலாம், ஆபத்து விலகியதும் வெட்டிவிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அது முடியாது. மூடினால் ஊர் மூழ்கும். சாத்தனூர் திறந்திருக்கும் நாளில் எந்த வேலியும் நிற்காது. ஒரு நல்லது என்னவென்றால், வெள்ளமே எண்ணெயை உள்ளே விடாமல் வெளியே தள்ளும். ஆபத்து வெள்ளம் வடிகிற இரண்டாவது, மூன்றாவது நாளில். ஆற்றோட்டம் தளர்ந்ததும் கடல் ஏற்றம் எண்ணெயை உள்ளே ஏற்றிவிடும். வேலி அன்று காலையே தயாராக வேண்டும். அதற்கு அணை நிலவரம் தெரிய வேண்டும். கிருஷ்ணகிரி அணையிலும் சாத்தனூரிலும் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற தகவல் கடலூர் கரையில் வேலி கட்டுபவர் கையில் மணிக்கு மணி போய்ச்சேர வேண்டும். எண்ணெய்த் தடுப்புத் திட்டம் எழுதுபவர்கள் கடல் வரைபடத்தோடு நின்றுவிடாமல் ஆற்றின் மேல்பக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எலுமிச்சம்பழச் சோதனையைக் காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணையிலேயே செய்து பழகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம், கரையில் நின்றபடியே செய்தால் போதும்.

மணற்கரையில் கைவேலை

எண்ணெய் கரைக்கு வர ஒரு நாள் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த ஒரு நாளில் செய்ய வேண்டியது குப்பை பொறுக்குவது. கரையொதுங்கிய கடற்பாசி, பிளாஸ்டிக், தென்னை மட்டை, அறுந்த வலை எல்லாவற்றையும் அலை ஏறும் கோட்டுக்கு மேலே இழுத்துப் போட்டுவிட வேண்டும். சுத்தமான குப்பை வெறும் குப்பை. எண்ணெய் பட்ட குப்பை அபாயகரக் கழிவு, ஒவ்வொரு கிலோவையும் முத்திரையிட்டு லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற கழிவு மேலாண்மை மையத்துக்கு அனுப்ப வேண்டும். 1999-இல் பிரான்ஸ் கரைக்கு அருகே எரிகா கப்பலிலிருந்து சிந்தியது 20,000 டன் அளவு, கரையில் சேர்ந்த கழிவோ 2 லட்சம் டன்னுக்கு மேல். நம் ஊர்களிலிருந்து உதவிக்குப் போகும் இளைஞர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது. எண்ணெய் வருவதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

எண்ணெய் வந்த பிறகு அவசரப்பட்டு இறங்கக் கூடாது. புதிதாகச் சிந்திய கச்சா எண்ணெயிலிருந்து பென்சீன் ஆவி வரும். முதல் நாள் காற்று வரும் பக்கமாக நின்றே பார்க்க வேண்டும். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே விலக வேண்டும். துணி முகக்கவசமோ என்-95 கவசமோ ஆவியைத் தடுக்காது. கரிமப் பொதி உள்ள கவசம் வேண்டும். ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி உப்பிக் கிழியும், நைட்ரைல் கையுறைதான் தாங்கும். தோலில் ஒட்டினால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறார்கள், அது நச்சை உள்ளே கடத்தும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு. 2017-இல் எண்ணூர்க் கரையில் வாளியால் அள்ளியவர்களின் படங்களை எல்லோரும் பார்த்தோம். அந்த மனசு பெரியது. அவர்கள் கைக்கு ஒரு நல்ல கையுறை சேரவேண்டிய கடமை மற்றவர்களுடையது.

மணலை அள்ளும் முறை: தட்டையான மண்வெட்டியால் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டரை மட்டும் சுரண்ட வேண்டும். கடல் பக்கமிருந்து மேல்நோக்கிப் போகாமல், மேலேயிருந்து கடலைப் பார்த்து வரிசையாக இறங்க வேண்டும். அப்போதுதான் சுத்தமான மணலில் எண்ணெய்க் கால் படாது. ஒரு பைக்கு 10 முதல் 15 கிலோ, அதற்கு மேல் போட்டால் பை கிழியும், ஆளுக்கு முதுகு போகும். பைகளை வெயிலில் வாரக்கணக்கில் விடக் கூடாது, பிளாஸ்டிக் பொடிந்து மீண்டும் மணலில் கொட்டும். ஜேசிபி இறக்கினால் வேலை வேகமாக நடப்பது போலத் தெரியும். சக்கரம் எண்ணெயை ஒரு அடி ஆழத்துக்கு மிதித்துப் புதைக்கும், அடம்பங்கொடி பிடித்து வைத்திருக்கும் மணல்மேடும் உடையும்.

எண்ணெய் ஒரு ஏற்றத்தில் வந்து படிந்ததும் அடுத்த ஏற்றம் அதன்மேல் புது மணலைப் போட்டு மூடிவிடும். மேலே பார்த்தால் வெள்ளை மணல், கரை சுத்தமாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஒரு முழ ஆழத்துக்கு மண்வெட்டியால் நேர்ச்சுவராக வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும், வெளிர்மணல், கீழே விரல் தடிமனில் பழுப்புக் கோடு, மறுபடி வெளிர்மணல், மறுபடி கோடு. சில கோடுகளில் சுவரிலிருந்து எண்ணெய் வியர்வை போலக் கசியும். 50 மீட்டருக்கு ஒரு குழி இப்படி வெட்டிப் பார்க்காமல் எந்தக் கரையையும் முடிந்தது என்று சொல்லக் கூடாது.

மார்கழி முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் கூடுகளுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். கூட்டை வனத்துறை தவிர யாரும் நகர்த்தக் கூடாது. எண்ணெய் பூசிய ஆமையைக் கடலில் கழுவி விட்டுவிடுகிறார்கள், அது தவறு. நிழலில் ஈரத்துணி போர்த்தி வைத்து வனத்துறையைக் கூப்பிட வேண்டும்.

எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தை ஆழம் குறைந்த கரையோரத்தில் தெளிக்கக் கூடாது. மணலில் தெளித்தால் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். கடலில் எங்கே தெளிக்கலாம் என்று முடிவெடுப்பது கடலோரக் காவல்படை. 1996-இல் வந்த தேசிய எண்ணெய்ச் சிந்தல் பேரிடர்த் திட்டத்தின்படி கடலில் ஒருங்கிணைப்பு அவர்களுடையது. கரையைச் சுத்தம் செய்வது மாநில அரசின் பொறுப்பு. கடலில் எண்ணெயைக் கண்டால் 1554-க்குச் சொல்லலாம்.

நம் பக்கத்துப் பஞ்சு

எண்ணெயை உறிஞ்சித் தண்ணீரை விட்டுவிடும் பொருள் கடைசி மெல்லிய படலத்துக்குத் தேவைப்படும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த விரிப்புகள் விற்கிறார்கள். அவற்றைவிட நன்றாக உறிஞ்சுவது இலவம் பஞ்சு. இழை உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும், வெளியே இயற்கையான மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஏறும். தளர்வாக அடைத்தால் தன் எடையைப் போல் 30 மடங்குக்குப் பக்கம் பிடிக்கும். தருமபுரி மேட்டுநிலமெங்கும் கேட்பாரற்று நிற்கிற எருக்கின் காய்க்குள் இருக்கும் பஞ்சும் இதே குணம் கொண்டது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காய் வெடிக்கும் தறுவாயில் பறித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பிரிக்க வேண்டும்.

உறிஞ்சு தலையணை செய்ய: வெங்காயம் வரும் வலைப் பையையோ பழைய மீன்வலையையோ 20 சென்டிமீட்டர் விட்டத்தில் குழாயாகத் தையுங்கள், நீளம் ஒன்றரை மீட்டர். உள்ளே நீளவாக்கில் 8 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிறு ஒன்று ஓடட்டும். நைலான் கயிறு வேண்டாம், அது தண்ணீரில் மூழ்கும். இந்த அளவுக்கு சுமார் 1 கிலோ 400 கிராம் பஞ்சு போதும். அழுத்தி அடைத்தால் இழைகளுக்கு நடுவே எண்ணெய்க்கு இடம் இருக்காது, குறைவாக அடைத்தால் பஞ்சு ஒரு முனைக்கு ஓடிவிடும். அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டால் ஓடாது. முழுசாகக் குடித்த தலையணை 35 முதல் 40 கிலோ வரும், இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மூன்று மீட்டரில் செய்தால் பாரத்தில் வலை கிழிந்து எல்லாம் மறுபடி தண்ணீரில் விழும். கட்டும்போது ஒரு முனை மற்றதன்மேல் ஒரு முழம் ஏறியிருக்கட்டும், முனையோடு முனை தொட்டால் அந்தச் சந்தில்தான் எண்ணெய் போகும். பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், மெழுகு போய்விட்டால் அது தண்ணீரைக் குடித்து மூழ்கும். கூழ் பதத்துக்கு வந்துவிட்ட எண்ணெய் பஞ்சுக்குள் ஏறாது, மேலே பூசிக்கொண்டு நிற்கும். அதற்கு மண்வெட்டிதான்.

போச்சம்பள்ளிப் பக்கத்து நார் மில்களில் மலையாகக் கிடக்கிற தேங்காய் நார்க்கழிவை அப்படியே தண்ணீரில் கொட்டுவது பயன் தராது. அது தண்ணீரையே முதலில் குடிக்கும். நாரைப் பாயாக நெய்து, கழி நட்டு, ஓடையில் வடிவேலியாக நிறுத்தினால் எண்ணெய் ஒட்டிய சருகையும் நுரையையும் நன்றாகப் பிடிக்கும்.

தொப்பூரில் கவிழும் லாரி

இதே அறிவு நம் வாசலிலேயே வேண்டியிருக்கிறது. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் டேங்கர் கவிழ்ந்தால் எண்ணெய் ஓடையில் இறங்கும், தொப்பையாறு காவிரியில் சேர்கிற ஆறு. முதலில் லாரியின் பின்னால் உள்ள அபாயப் பலகையில் நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே படியுங்கள். 1203 பெட்ரோல், 1075 எல்பிஜி. இரண்டுக்கும் கிட்டவே போகக் கூடாது, 112-ஐக் கூப்பிட்டுவிட்டு ஆட்களை விலக்குவது மட்டுமே வேலை. 1202 டீசல். தீயணைப்புத் துறை அனுமதித்தால் ஓடையில் தடுக்கலாம்.

மணல் மூட்டையால் ஓடையை அடைத்து, மூட்டைகளுக்கு நடுவே 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்களைச் சாய்வாகப் பதிக்க வேண்டும். மேல்நீர்ப் பக்கத்து வாய் தரையை ஒட்டி, கீழ்நீர்ப் பக்கத்து வாய் உயரமாக. தண்ணீர் அடியிலிருந்து ஏறி வெளியே போகும், எண்ணெய் மேலே தங்கும். சாய்வை மாற்றி வைத்துவிட்டால் எண்ணெய்தான் முதலில் போகும். உள்வாய்க்கு மேல் குறைந்தது 40 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து எண்ணெயை இழுத்துவிடும். எத்தனை குழாய் என்பதற்குக் கணக்கு: ஓடை 1 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம், எலுமிச்சை விநாடிக்கு 30 சென்டிமீட்டர் போகிறது என்றால், பெருக்கி 0.8-ஆல் குறைத்தால் விநாடிக்கு 48 லிட்டர். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் ஒரு குழாய் சுமார் 8 லிட்டர் கடத்தும், ஆறு குழாய் வேண்டும். குறைவாக வைத்தால் தண்ணீர் மூட்டைக்கு மேல் வழிந்து எண்ணெயைத்தான் முதலில் கொண்டுபோகும். தேங்கிய எண்ணெய்மேல் தலையணைகளைப் போடுங்கள்.

ஓசூரிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் பணிமனைகள் மாற்றும் பழைய என்ஜின் ஆயிலும் இதே ஆறுகளில்தான் இறங்குகிறது. கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பார்த்தவர்களுக்கு, மேல்பக்கத்தில் கலப்பது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆயிலைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தை மூடிய எண்ணெய் கடலிலிருந்து வரவில்லை. புயல் வெள்ளம் தரையிலிருந்து அடித்துக்கொண்டு வந்தது.

கடலில் கிணறு தோண்ட யாராவது அனுமதி கேட்டால், அரசுத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தெந்த முகத்துவாரத்துக்கு எத்தனை மீட்டர் வேலி, எந்த டிகிரிக்குக் கணக்கிட்டது, எந்த ஊர்க் கிடங்கில் இருக்கிறது, அங்கிருந்து தண்ணீரில் இறக்க எத்தனை மணி நேரம், கடைசியாக எந்தத் தேதியில் ஒத்திகை பார்த்தார்கள். சென்னையிலிருந்து கடலூருக்கு லாரி வர ஆகும் நேரத்தையும் மேலே சொன்ன 33 மணி நேரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவத்தில் காற்று இன்னும் கூடும், அந்த 33 இன்னும் குறையும்.

தலையணைகளைச் செய்து வைப்பவர்கள் கவனிக்க: பஞ்சிலிருந்து விதையை முழுசாக எடுத்துவிடுங்கள், விதைக்கு எலி வரும். தரையில் வைக்காமல் பரண் கட்டித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஒரு பீடி நெருப்பு போதும், அறை முழுக்கப் பற்றிவிடும். அதனால் வீட்டோடு சேர்ந்த அறை வேண்டாம். வருடா வருடம் புரட்டாசியில் ஒரு தலையணையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாள் மிதக்க விடுங்கள். மறுநாள் காலையில் பாதிக்கு மேல் அமுங்கியிருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் பிரித்து வெயிலில் காயவைத்து மறுபடி அடைக்க வேண்டும்.